பழகும் கைக்குக் கூலி எங்கே?

சுவருக்குள் குழாயைப் புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிக் குடிபோய் ஆறு மாதம் ஆகியிருக்கும். திடீரென்று ஒருநாள் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். பிளம்பிங் என்றொரு தொழில் இருப்பதே பலருக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. டைல்ஸை உடைத்துத் தேடினால், பசை சரியாகப் பிடிக்காத ஓர் எல்போ அகப்படும். சில பத்து ரூபாய்ச் சாமான்தான். ஆனால் உடைத்த டைல்ஸ், கொத்தனார் கூலி, கீழ்வீட்டுக்காரருக்குப் பெயின்ட் என்று செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

அந்த எல்போவை ஒட்டியவர் பல நேரங்களில் மேஸ்திரியாக இருக்கமாட்டார். கூட வந்த ஹெல்ப்பராக இருப்பார். அவருக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கினால் மேஸ்திரிக்கு அன்றைய வேலை கெடும். நிதானமாகக் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தால் ஹெல்ப்பருக்கு அன்றைய கூலி கெடும்.

கைத்திறன் உள்ள ஒரு பிளம்பர் உருவாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளின் செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அரசும் கட்டுமானத் துறையும் நேரான பதில் சொன்னதில்லை. ஆகவே அந்தச் செலவு, தாங்குவதற்கு வலுவே இல்லாத தோளில் போய் விழுகிறது. பதினெட்டு வயதுப் பையனும் அவன் குடும்பமும்தான் அதைச் சுமக்கிறார்கள். பழகும் காலத்துக்கு முறையான ஊதியம், பழகி முடித்தபின் திறனுக்கேற்ற படிநிலை என்ற இரண்டும் சேர்ந்து வராதவரை இந்தத் தொழிலில் தரம் பற்றிப் பேசிப் பயனில்லை.

நூறு நாள் வேலையைவிடக் குறைவு

தமிழ்நாட்டில் பிளம்பர் ஆவதற்கு முறையான வழி ஐடிஐ. ஓராண்டுப் படிப்பு. அரசு ஐடிஐயில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வருகிறது. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனமாக்கும் திட்டமும் நிறைவேறியிருக்கிறது. பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்திவைக்க இவையெல்லாம் உதவியிருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. ஐடிஐ முடித்தவர், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தில் அப்ரன்டிஸாகச் சேரலாம். அவருக்குத் தர வேண்டிய மாத உதவித்தொகையை அந்தச் சட்டத்தின் விதிகள் வரையறுக்கின்றன. 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒன்பதாம் வகுப்புவரை படித்து நேரடியாகச் சேர்பவருக்குக் குறைந்தது 5,000 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 6,000. ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 15 விழுக்காடு உயர்வு.

ஏழாயிரத்தை 26 வேலைநாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 269 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதாவது, ஏரி வேலைக்குப் போகும் தாய், ஐடிஐ முடித்துக் குழாய் ரிஞ்சைக் கையில் எடுத்திருக்கும் மகனைவிட நாளுக்கு 67 ரூபாய் கூடுதலாகப் பெறலாம். தாயின் கூலி அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மகனுடையது எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். மத்திய அரசின் அதிகார எல்லைக்குள் வரும் கட்டுமானப் பணிகளில், 2024 அக்டோபர் முதல் பெருநகரப் பிரிவுக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம், திறன் தேவைப்படாத வேலைக்கு நாளுக்கு 783 ரூபாய், மாதத்துக்கு 20,358. திறன்மிகு தொழிலாளிக்கு நாளுக்கு 954, மாதத்துக்கு 24,804. மண் சுமப்பவருக்கு இதற்குக் கீழே தரக் கூடாது என்று அரசே வரையறுத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைத்தான், அதே அரசு, ஓராண்டு தொழில் படித்து வந்தவருக்குப் போதும் என்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2019க்கு முந்தைய விதிகளின்படி, அந்தந்த மாநிலத்தில் ஓரளவு திறன் பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் முதல் ஆண்டில் 70, இரண்டாம் ஆண்டில் 80, மூன்றாம் ஆண்டில் 90 விழுக்காட்டை உதவித்தொகையாகத் தர வேண்டியிருந்தது. ஊதியம் உயர்ந்தால் உதவித்தொகையும் தானாக உயரும். 2019இல் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, ரூபாய்க் கணக்கில் ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். அதன்பின் அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. அந்தத் தொகை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 2025 மே மாதம்தான் மத்திய தொழில் பழகுநர் மன்றம் கூடி, 5,000 முதல் 9,000 ரூபாய்வரை உள்ள தொகைகளை 6,800 முதல் 12,300 ரூபாய்வரை, அதாவது 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் ஐடிஐ முடித்தவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 366 ரூபாய் வரும். நூறு நாள் கூலியை எட்டித் தொடவே ஆறாண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எட்டாத சைட்

இத்தனையும் சட்டத்துக்குள் வரும் அதிர்ஷ்டசாலிகளின் கதை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்களில் இரண்டரை முதல் 15 விழுக்காடுவரை அப்ரன்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். நான்கு முதல் 29 பேர்வரை இருந்தால் விருப்பப்பட்டால் சேர்க்கலாம். நான்கு பேர்கூட இல்லாத இடத்துக்கு இந்த ஏற்பாடே கிடையாது.

நம் ஊரில் பிளம்பிங் வேலை எப்படி நடக்கிறது? ஒரு மேஸ்திரி, ஒரு பெரியாள், ஒரு ஹெல்ப்பர், ஒரு டூவீலர், ஒரு சாக்குப்பை நிறையச் சாமான். தொழில் கற்கும் மிகப் பெரும்பாலோர் இந்தச் சாக்குப்பைக்குப் பக்கத்தில்தான் கற்கிறார்கள். சட்டம் நான்கு பேரைத் தேடிக்கொண்டு வந்து, மூன்று பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

அந்த மூன்றாவது ஆள் என்ன செய்கிறார் என்று சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டு முழுக்க அவருக்குச் சுவரில் காடி வெட்டும் வேலை. கட்டர் மெஷின் ஓடும்போது செங்கல் தூசி அறை முழுவதும் மூடிக்கொள்ளும். மூக்கில் கட்டியிருக்கும் கைக்குட்டைதான் பாதுகாப்பு. பிறகு மூன்றாம் மாடிக்குப் பைப் கட்டுகளைத் தோளில் ஏற்ற வேண்டும். கடைக்கு ஓடிப்போய் முக்கால் இஞ்ச் டீயும் கப்ளிங்கும் வாங்கி வர வேண்டும். டீ வாங்கி வருவதும் அவர்தான். இரண்டாம் ஆண்டில்தான் பைப்பை அளந்து வெட்டக் கொடுப்பார்கள்.

சிபிவிசி பைப்பை ஒட்டுவது பார்வைக்குச் சின்ன வேலை. பைப்பை நேராக வெட்டி, விளிம்பில் உள்ள பிசிறை எடுத்து, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் பசை தடவி, கால்சுற்றுத் திருப்பி அழுத்தி, கெட்டிப்படும்வரை கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றைக்கே ஒழுகாது. ஆறு மாதம் கழித்து ஒழுகும். கழிவுக் குழாயின் வாட்டம் இதைவிட நுட்பம். வாட்டம் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறினால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், கழிவு பின்னால் தங்கிப்போகும். இந்தக் கணக்கு கைக்கு வருவது மூன்றாம் ஆண்டில்தான்.

இந்த மூன்று ஆண்டும் அவர் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. காடி வெட்டாமல் குழாய் பதியாது. பைப் மேலே ஏறாமல் வேலை நடக்காது. அவருடைய உழைப்புக்கு வீட்டுக்காரர் தந்த பணம் மேஸ்திரியின் கணக்கில் ஏறியிருக்கிறது. ஆனாலும், “இப்பதான் வேலை பழகுறான்” என்ற ஒரு வாக்கியத்தில் அவருடைய கூலி பாதியாகிவிடுகிறது.

இங்கேதான் சட்டத்தின் விசித்திரம். தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பதிவானவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்று அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அப்படிப் பதிவானவரைத் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. அப்படியானால் பதிவாகாத ஹெல்ப்பர் யார்? சட்டப்படி அவர் முழுத் தொழிலாளி. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் பெற உரிமை உள்ளவர். பயிற்சியாளர் என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. சைட்டுக்கு வந்து விசாரிக்கவும் ஆளில்லை. தொழிலாளி என்றால் கிடைக்க வேண்டிய கூலியும் இல்லை, பயிற்சியாளர் என்றால் கிடைக்க வேண்டிய பாடமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தைப் பிளம்பர்களின் ஊர் என்றே நாடு அறியும். பட்டாமுண்டை வட்டாரத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக டெல்லிக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய் இந்தத் தொழில் செய்கிறார்கள். அந்த மாநில அரசு அங்கேயே ஒரு பிளம்பிங் பயிற்சி நிறுவனத்தை நடத்துகிறது. ஆனால் அந்த ஊர் அந்தப் பெயரைப் பெற்றது பயிற்சி நிறுவனத்தால் அல்ல. மாமன் மருமகனை அழைத்துப்போவார். அண்ணன் தம்பியை அழைத்துப்போவார். தங்க இடமும் சாப்பாடும் சொந்தக்காரர் பொறுப்பு. பழகும் காலத்துச் செலவை உறவு ஏற்றுக்கொண்டதால்தான் அங்கே தொழில் வளர்ந்தது. உறவில் ஒரு பிளம்பர் இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்வான்? அவனுக்காகத்தான் அரசு இருக்க வேண்டும்.

சான்றிதழுக்குப் பிறகு

சரி, பல்லைக் கடித்துக்கொண்டு பழகி முடித்தாயிற்று. அதன்பிறகாவது கை நிறையக் கிடைக்கிறதா?

நகரங்களில் தேர்ந்த பிளம்பரின் நாள் கூலி இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது உண்மைதான். “பிளம்பருக்கு இருக்கிற கிராக்கி இன்ஜினீயருக்குக்கூட இல்லை” என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆயிரம் மாதம் முப்பது நாளும் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். மணல் வராவிட்டாலும், கொத்தனார் வேலை முடியாவிட்டாலும், டைல்ஸ் வந்து சேராவிட்டாலும் பிளம்பர் வீட்டில்தான் இருக்க வேண்டும். மாதம் பதினெட்டு நாள் வேலை கிடைத்தால் கையில் 18,000. அதில் பெட்ரோலும் டூல்ஸ் செலவும் அவருடையது. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. முட்டி தேய்ந்து, முதுகு பிடித்துக்கொள்ளும் ஐம்பது வயதுக்குப் பிறகு நம்புவதற்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய ஓய்வூதியம் மட்டும்தான்.

மாதச் சம்பள வேலைக்குப் போனால் வேறு கதை. ஐடி வளாகம், மருத்துவமனை, நட்சத்திர ஓட்டல் என எல்லா இடத்திலும் பிளம்பர் உண்டு. ஆனால் அவர் அந்த நிறுவனத்து ஆள் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த ஏஜென்சியின் ஆள். சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே போகும். ஒப்பந்தம் கைமாறினால் சர்வீஸும் முதலிலிருந்து தொடங்கும்.

இவற்றில் எதிலும் அவர் படித்துப் பெற்ற சான்றிதழுக்கென்று ஒரு ரூபாய் கூடுவதில்லை. ஐடிஐ முடித்து வந்தவரும், எட்டாம் வகுப்போடு நின்று ஹெல்ப்பராக வந்தவரும் ஒரே நாளில், ஒரே கூலியில் தொடங்குகிறார்கள். “ஐடிஐ பசங்களுக்கு வேலை தெரியாது” என்பது மேஸ்திரிகளின் பழைய குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருக்கிறது. பட்டறையில் இரும்புக் குழாய்க்கு டை போட்டுப் பழகியவர், சைட்டில் கன்சீல்டு டைவர்ட்டரையும் சுவரில் தொங்கும் குளோசெட்டையும் பிரஷர் பம்பையும் முதல்முறை பார்க்கிறார். படிப்பும் சைட்டும் சேர்ந்து நடந்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. சேர்ந்து நடக்க வேண்டுமானால் சைட்டில் இருக்கும் காலத்துக்குச் சம்பளம் வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறோம்.

மின்சார வேலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர், அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். ஐடிஐ வாசலை மிதிக்காதவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. அனுபவத்தை அரசு மதிப்பிட்டுக் கையில் ஒரு சான்றைத் தருகிறது. அது இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். குழாய் வேலைக்கும் தனித்தேர்வராகத் தொழிற்தேர்வு எழுதும் வாய்ப்பும், அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் மத்தியத் திட்டமும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றைக் கேட்கும் முதலாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. கேட்பாரற்ற சான்றிதழ் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும். வளைகுடாவுக்கு ஆள் எடுக்க வருபவர்கள் மட்டும் அதைக் கேட்கிறார்கள். டிரேடு டெஸ்ட் வைத்து, கையில் பைப்பைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். நம் குழாய்க்காரரின் திறனை முதன்முதலில் சோதித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் அயல்நாட்டுக்காரர்தான்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

ஜெர்மனியில் குடிநீர், வெப்பமூட்டல், கழிப்பறைக் குழாய்ப் பணிக்கான பயிற்சி மூன்றரை ஆண்டுகள். வாரத்தில் சில நாட்கள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனத்தில் வேலை. பயிற்சிக் காலத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2020இலிருந்து சட்டமே நிர்ணயிக்கிறது. 2025இல் பயிற்சியைத் தொடங்குபவருக்கு முதல் ஆண்டில் மாதம் 682 யூரோ. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தத் தொகைக்குமேல் 18, 35, 40 விழுக்காடு சேரும். திறன் கூடக் கூடச் சம்பளம் கூடுகிறது. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓட யாருக்கும் மனம் வராது.

பிரிட்டனில் 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, தொழில் பழகுபவருக்கு மணிக்கு 7.55 பவுண்டுக்குக் குறையாமல் தர வேண்டும். வயதுவந்த தொழிலாளிக்கான குறைந்தபட்சம் 12.21 பவுண்டு. நம்மிடம் மூன்றில் ஒன்றாக இருக்கும் விகிதம் அங்கே ஐந்தில் மூன்றைத் தாண்டுகிறது. முதலாண்டு முடிந்து 19 வயதும் ஆகிவிட்டால், வயதுக்குரிய முழுக் குறைந்தபட்சமும் தர வேண்டும். தேர்ச்சி பெற்ற பிறகும் அங்கே முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த கூட்டுக்குழு, பிளம்பர்களைத் தரம் பிரித்து ஒவ்வொரு தரத்துக்கும் மணிக்கூலி அறிவிக்கிறது. மேலே ஏறினால் எவ்வளவு கிடைக்கும் என்பது பழகத் தொடங்கும் நாளிலேயே பையனுக்குத் தெரியும்.

பணக்கார நாடுகளோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தொகையை ஒப்பிட வேண்டாம், விகிதத்தை ஒப்பிடலாம். நமக்கு நெருக்கமான சிங்கப்பூரையும் பார்க்கலாம். அங்கே கட்டுமானத் துறையில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். 2024 முதல் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி. உயர்திறன் சான்று பெற்றவருக்கு 500 வெள்ளி. தொழிலாளியைத் தேர்வெழுத வைத்து மேலே ஏற்றினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த ஊரில் புலம்பெயர்ந்த தொழிலாளர் படும் பாடு தனிக்கதை. போவதற்கு முன் இங்குள்ள தேர்வு மையங்களில் பணம் கட்டிப் பழக அவர்கள் வாங்கும் கடனும் அதில் அடக்கம். ஆனாலும் திறன் கூடினால் முதலாளிக்கே லாபம் என்று அமைத்த அந்த ஒரு விதியிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

மேஸ்திரியின் நியாயம்

இந்த இடத்தில் மேஸ்திரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு முடித்துக்கொள்வது எளிது, ஆனால் நியாயமாகாது. அவர் பெரிய முதலாளி இல்லை. பாத்ரூமுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி ஒப்புக்கொண்ட தொகைக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியவர். பையன் ஒரு டைவர்ட்டரை உடைத்தால் அதன் விலை அவர் தலையில். ஒழுகினால் கெட்ட பெயரும் அவருக்குத்தான். மூன்று வருஷம் தொழில் கற்றுக்கொண்டவன், நாலாவது வருஷம் அதே தெருவில் தனியாகக் கடைபோட்டுப் போட்டிக்கு வந்துவிடுவான். “நான் எதுக்கு முழுக் கூலி கொடுத்து எனக்கே போட்டியை வளர்க்கணும்?” என்று அவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசிடம் பதில் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கட்டடம் கட்டுபவரிடம் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டை நல நிதியாக அரசு வசூலிக்கிறது. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் தொடங்கிய இந்த வசூல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. பதிவுபெற்ற தொழிலாளருக்கு இந்த வாரியம் ஏற்கெனவே ஒருவாரத் திறன் பயிற்சி நடத்துகிறது. கூலி இழப்பை ஈடுகட்ட நாளுக்கு 800 ரூபாயும் தருகிறது. 2023இல் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உண்டு. அதன் 18 தொழில்களில் கொத்தனார், தச்சர், பூட்டுத் தொழிலாளி இருக்கிறார்கள், பிளம்பர் இல்லை. ஆக, பயிற்சிக்கு வருபவரின் ஒருநாள் எவ்வளவு பெறும் என்பது அரசுகளுக்குத் தெரியாததில்லை. ஒருவாரப் பயிற்சிக்கு 500, 800 என்று மதிப்பிடத் தெரிந்தவர்கள், மூன்றாண்டுப் பயிற்சிக்கு 269 என்று எப்படி மதிப்பிட்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, உதவித்தொகையை மறுபடியும் குறைந்தபட்ச ஊதியத்தோடு முடிச்சுப்போட வேண்டும். 2019க்கு முன் இருந்த 70, 80, 90 விழுக்காடு நல்ல அளவுகோல். குறைந்தபட்ச ஊதியம் விலைவாசிக்கேற்ப உயரும்போது இதுவும் உயரும். மன்றம் கூடட்டும், பரிந்துரைக்கட்டும் என்று ஆறாண்டு காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, சிறு மேஸ்திரிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு வட்டாரத்து மேஸ்திரிகள் பத்துப் பேரை அருகிலுள்ள அரசு ஐடிஐயின் கீழ் ஒரு குழுவாகப் பதிவு செய்யலாம். வாரத்தில் ஐந்து நாள் சைட், ஒருநாள் ஐடிஐ. கூலியில் பாதியை மேஸ்திரி தரட்டும். மீதியை நல நிதியிலிருந்து நேரே பையனின் வங்கிக் கணக்கில் போடட்டும். தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் நிறுவனங்களுக்காக உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு 2016இலிருந்தே ஏற்கிறது. பெரிய கம்பெனிக்குக் கிடைக்கும் கைத்தாங்கல் டூவீலர் மேஸ்திரிக்கும் கிடைக்கட்டும். சொல்லிக்கொடுப்பதற்கென்று அவருக்கும் ஒரு தொகை தரலாம். கற்றவன் போட்டிக்கு வந்தாலும், கற்றுக்கொடுத்ததற்கான பலன் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு வருத்தம் இருக்காது.

மூன்றாவது, தேர்ச்சிக்குப் பிறகு மூன்று படிகள் வேண்டும். வீட்டுக் குழாய் வேலை தெரிந்தவர், அடுக்குமாடிக் கழிவுக் குழாயும் பம்பும் கையாளத் தெரிந்தவர், மேற்பார்வையிட்டுப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் என்று பிரிக்கலாம். ஒவ்வொரு படிக்கும் செய்முறைத் தேர்வு, ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச ஊதியம். இதைத் தனியார் உடனே ஏற்கமாட்டார்கள். அரசு தன் வேலையிலிருந்து தொடங்கலாம். பொதுப்பணித் துறை, குடிநீர் வடிகால் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றின் டெண்டர்களில், குழாய் வேலை செய்பவர்களில் இத்தனை பேர் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்கு இந்த ஊதியம் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமம் கிராமமாகக் குழாய் போட்டாகிவிட்டது. அவற்றை நாளை பழுதுபார்க்க ஆள் வேண்டாமா?

நாலாவது, பையனின் பாதுகாப்பு. தூசிக்கு முகக்கவசமும், கண்ணுக்குக் கண்ணாடியும், விபத்துக் காப்பீடும் பயிற்சி ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பழக வந்த பையனிடம் அந்த வேலையைத் தள்ளிவிடும் வழக்கத்தை எந்தச் சாக்கும் சொல்லாமல் நிறுத்த வேண்டும்.

வீடு கட்டும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொட்டேஷன் வாங்கும்போது பைப் என்ன கம்பெனி, டேப் என்ன மாடல் என்று பத்துமுறை கேட்கிறோம். ஹெல்ப்பருக்கு என்ன கூலி என்றும் ஒருமுறை கேளுங்கள்; அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்குமுன் பிரஷர் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுத்துவிடுங்கள். பழகுபவருக்குத் தராமல் மிச்சம் பிடித்த நூறு, இருநூறு ரூபாயைக் கட்டிய வீட்டின் சுவரை உடைக்கும்போது பல மடங்காக நாம்தான் கட்டுகிறோம். பதினெட்டு வயதுப் பையனின் பட்டினியில் ஒரு தொழிலைக் கட்டி எழுப்ப முடியாது. 2019இல் அவிழ்த்த அந்த முடிச்சை மத்திய அரசு உடனே போட வேண்டும், நல நிதியின் கதவைத் தமிழ்நாடு அரசு இந்தப் பையன்களுக்குத் திறக்க வேண்டும்.